முதல் நாள் ‘பூ’... அப்புறம்தான் பூமாலை!

1999 ஏப்ரல் 17. நியூயார்க், மாடிசன் ஸ்கொயர் கார்டன் தியேட்டர். டொனோவன் மெக்நாப் என்ற இருபத்திரண்டு வயசு வாலிபர் புது கோட், டை சகிதம் காத்திருக்கிறார். அமெரிக்கா முழுக்கக் கல்லூரிகளில் ஃபுட்பால் ஆடும் பையன்களில், அந்த வருஷம் இரண்டாவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எடுத்தது ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் என்ற தொழில்முறை டீம். இனிமேல் பணம், புகழ், டி.வி. விளம்பரம், எல்லாம்தான். பெயரை அறிவித்ததும் சிரித்துக்கொண்டே மேடை ஏறுகிறார்.

பால்கனியிலிருந்து ஒரு சத்தம். “பூ...ஊ...ஊ...!”

நம் ஊரில் பூ என்றால் மாலை கட்டலாம். அங்கே அது ‘ஒழிஞ்சு போ’ ரகம். கத்தியவர்கள் எதிரி டீம் ஆசாமிகள் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து விடியற்காலையில் பஸ் பிடித்து, இதற்கென்றே வந்திருந்த சுமார் முப்பது பேர். அத்தனை பேரும் ஈகிள்ஸின் சொந்த ரசிகர்கள்! ஏற்பாடு, உள்ளூர் ரேடியோவில் ஸ்போர்ட்ஸ் நிகழ்ச்சி நடத்தும் ஒரு பிரமுகர். ஆசீர்வாதம், சாட்சாத் நகர மேயர் எட் ரெண்டல்.

பெண் பார்த்து, நிச்சயம் பண்ணி, மணப்பெண் வலது காலை எடுத்து வைத்து மண்டபத்துக்குள் நுழையும்போது, “எங்களுக்குப் பக்கத்துத் தெருப் பெண்தான் வேணும்” என்று மாப்பிள்ளை வீட்டாரே கூச்சல் போட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. மெக்நாப் அவர்களுக்காக இன்னும் ஒரு பந்துகூட எறியவில்லை. அதற்குள் மார்க் போட்டு, ஃபெயில் பண்ணி, ரிசல்ட்டும் ஒட்டிவிட்டார்கள்.

இந்த மார்க் போடும் வியாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தோற்றவனுக்கு முதல் பந்தி

முதலில் ஒரு விஷயம். அமெரிக்க ஃபுட்பாலில் காலுக்கு அதிக வேலை கிடையாது. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து, பிடித்து, கட்டிக்கொண்டு ஓடி, நடுவில் வருகிறவனை மோதித் தள்ளுவது. என்.எஃப்.எல். என்ற லீக்கில் 32 டீம்கள். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்தான் டீமின் மூளை. அவர் சரியில்லை என்றால் மீதிப் பத்துப் பேரும் இருந்தும் பிரயோஜனமில்லை.

கல்லூரியில் ஆடி முடிக்கும் பையன்களை இந்த டீம்கள் பங்கு போட்டுக்கொள்ளும் சடங்குக்கு ‘டிராஃப்ட்’ என்று பெயர். ஐ.பி.எல். மாதிரி ஏலம் இல்லை. பந்தி வரிசை. அதிலும் தலைகீழ்ப் பந்தி. போன சீசனில் கடைசியில் வந்த டீமுக்கு முதல் இலை. சாம்பியன் டீம் கடைசியில்தான் உட்கார முடியும். இப்படி ஏழு சுற்று. ‘எனக்கு அந்த ஊர் வேண்டாம்’ என்று பையன் சொல்வதெல்லாம் செல்லாது. 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு, எத்தனையாவது ஆளாக எடுக்கிறார்களோ அதற்கேற்ற சம்பளமும் கிட்டத்தட்ட முன்னாலேயே முடிவாகிவிடுகிறது.

ஓர் ஆச்சரியம், இந்தச் சடங்கே ஃபிலடெல்ஃபியாவில் பிறந்ததுதான். 1935-ல் ஈகிள்ஸின் சொந்தக்காரர் பெர்ட் பெல். நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் பணக்கார டீம்களுக்கே போகிறார்கள், நாங்கள் எப்படிப் பிழைப்பது என்று மற்ற முதலாளிகளிடம் முறையிட்டு, இந்தத் தலைகீழ்ப் பந்தியைச் சம்மதிக்க வைத்தார். 1936 பிப்ரவரி 8-ம் தேதி ஃபிலடெல்ஃபியா ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டலில் முதல் டிராஃப்ட். அப்போது 9 டீம்கள். கடைசி டீம் என்ற தகுதியில் முதல் இலை ஈகிள்ஸுக்கே. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கரை எடுத்தார்கள். அந்த வருஷத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்.

அவர் என்ன செய்தார்? பேசிப் பார்த்தார். சம்பளம் கட்டுப்படியாகவில்லை. ஈகிள்ஸ் அவரைச் சிகாகோ பேர்ஸ் டீமுக்குத் தள்ளிவிட, அங்கேயும் பேரம் படியவில்லை. ஃபோம் ரப்பர் விற்கும் வேலைக்குப் போய்விட்டார். தொழில்முறை ஃபுட்பால் ஒரு நாள்கூட ஆடவில்லை. அவர் ஜெயித்த பெரிய கோப்பை அவர் அத்தை வீட்டில் கதவுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்பட்டது. நான் பி.காம். படித்தவன், அந்தப் பாஷையில் சொல்கிறேன்: டிராஃப்ட் என்ற பேரேட்டின் முதல் பதிவே வாராக்கடன்!

ஜெயித்ததற்காகக் கோபம்

டீம் தோற்றால் ரசிகனுக்குக் கோபம் வரும். நியாயம். ஜெயித்தால் கோபம் வருமா? ஃபிலடெல்ஃபியாவில் வரும்.

1968 சீசன். ஈகிள்ஸ் முதல் பதினோரு ஆட்டத்தையும் தோற்றது. ரசிகர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள். காரணம், அந்த வருஷம் கல்லூரியில் ஓ.ஜே. சிம்ப்சன் என்று ஒரு சூறாவளி ஓடிக்கொண்டிருந்தார். (பிற்பாடு கொலை வழக்கு, கோர்ட் என்று உலகம் முழுக்கப் பெயர் அடிபட்டதே, அதே சிம்ப்சன்தான்.) கடைசி இடம் வந்தால் அவர் நமக்கு. இன்னும் மூன்றே தோல்வி பாக்கி.

பாழாய்ப்போன டீம், அடுத்த இரண்டு ஆட்டத்தை ஜெயித்துத் தொலைத்தது! முதல் இலை பஃபலோ டீமுக்குப் போயிற்று. சிம்ப்சனும் போனார். மூன்றாவது ஆளாக லீராய் கீஸ் என்பவர்தான் ஈகிள்ஸுக்குக் கிடைத்தார்.

கடைசி ஆட்டம் டிசம்பர் 15. கொட்டும் பனி. இடைவேளையில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட ஒருவரை மைதானத்துக்குள் நடக்க வைத்தார்கள். ரசிகர்கள் அவர் மேல் பனி உருண்டைகளை வீசித் தள்ளிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவையே அடித்த ஊர் என்று இன்றுவரை கெட்ட பெயர். அந்தப் பனி உருண்டைக்குள் கொஞ்சம் டிராஃப்ட் வயிற்றெரிச்சலும் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

சாண் அளந்து, மூச்சை எண்ணி...

1980-ல் இ.எஸ்.பி.என். டி.வி. முதன்முதலாக டிராஃப்டை நேரடியாக ஒளிபரப்பியபோது, பெயர் வாசிப்பதை எவன் உட்கார்ந்து பார்ப்பான் என்று லீக் கமிஷனருக்கே சந்தேகம். 2024-ல் டெட்ராய்ட் நகரில் நடந்த டிராஃப்டுக்கு மூன்று நாளில் நேரில் வந்தவர்கள் மட்டும் ஏழே முக்கால் லட்சம் பேர். பந்து ஒரு தடவைகூட வீசப்படாத நிகழ்ச்சிக்கு!

வந்தவர்கள் சும்மா வருவதில்லை. கையில் லிஸ்ட்டோடு வருகிறார்கள். டிராஃப்டுக்கு முன்னால் இண்டியானாபோலிஸ் நகரில் பையன்களைக் கூட்டி, மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மாதிரி பரீட்சை வைப்பார்கள். 40 கெஜம் எத்தனை விநாடியில் ஓடுகிறான், 225 பவுண்டு பளுவை எத்தனை தடவை தூக்குகிறான், நின்ற இடத்திலிருந்து எத்தனை அங்குலம் எகிறுகிறான். பன்னிரண்டு நிமிஷத்தில் ஐம்பது கேள்விக்குப் பதில் எழுதும் புத்திப் பரீட்சைகூட வெகுகாலம் இருந்தது. 2022-ல்தான் அதைக் கைவிட்டார்கள். குவார்ட்டர்பேக் என்றால் கையை விரிக்கச் சொல்லி சாண் அளவு எடுப்பார்கள். 2022-ல் கென்னி பிக்கெட் என்ற பையனின் சாண் எட்டரை அங்குலம்தான் என்று தெரிந்ததும், நாடு முழுக்க அதே பேச்சு.

இந்த விவரத்தையெல்லாம் வைத்து மார்க் போடும் ரசிகர்களில் மூன்று ரகம் உண்டு.

முதலாவது, ஸ்டாப்வாட்ச் ரகம். விநாடியின் நூறில் ஒரு பங்குக்காக நண்பனோடு பேச்சை முறித்துக்கொள்வார். பையன் பந்தைப் பிடிப்பானா என்று கேட்டால், “அதெல்லாம் கத்துக் கொடுத்துக்கலாம் சார்” என்பார்.

இரண்டாவது, மளிகை லிஸ்ட் ரகம். வீட்டில் புளி இல்லை என்றால் புளிதான் வாங்க வேண்டும். கடையில் அன்றைக்கு முந்திரிப் பருப்பு பாதி விலைக்குக் கிடைத்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. “இருக்கிறதிலேயே நல்ல சரக்கை வாங்கிப் போடுவோம், பிறகு சமையலைப் பார்த்துக்கலாம்” என்பது எதிர்க்கட்சி. இந்தத் தகராறு பல வருஷமாகத் தீரவில்லை.

மூன்றாவது, ‘மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும்’ ரகம். இவரோடு வாதாடி ஜெயித்தவர் கிடையாது.

இவர்களுக்கெல்லாம் குரு, மெல் கைப்பர். 1984 முதல் டி.வி.யில் உட்கார்ந்து ஒவ்வொரு டீமின் தேர்வுக்கும் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி கிரேடு போட ஆரம்பித்தவர். 1994-ல் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் டீமை, குவார்ட்டர்பேக் ட்ரென்ட் டில்ஃபரை விட்டுவிட்டு ட்ரெவ் ஆல்பர்ட்ஸை எடுத்ததற்காக வறுத்து எடுத்தார். அந்த டீமின் மேனேஜர் பில் டோபினுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. டி.வி.யிலேயே சொன்னார்: இவருக்கு இருக்கும் தகுதி என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இருக்கிறது, அவர் தபால்காரர்!

ஜெயித்தது யார்? ஆல்பர்ட்ஸ் அடிபட்டு மூன்று சீசனில் ஆட்டத்தை விட்டார். டில்ஃபர் சுமாராக ஆடிக்கொண்டே இருந்து, வேறொரு டீமுக்குப் போய் 2001 ஜனவரியில் சூப்பர் பௌல் கோப்பையையே வாங்கினார். டோபின் அதே நாளில் ஆல்பர்ட்ஸுக்கு முன்னால் எடுத்த மார்ஷல் ஃபாக், விளையாட்டு வரலாற்றில் இடம்பிடித்த மகா ஆட்டக்காரர் ஆனார். ஆக, வாத்தியாருக்கும் பாதி மார்க், தபால்காரரின் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பாதி மார்க்.

அந்த முப்பது பேர் கேட்டது யாரை?

மெக்நாப் கதைக்கு வருவோம். ரசிகர்கள் ஒன்றும் கண்மூடித்தனமாகக் கத்தவில்லை. அவர்கள் கேட்டது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரிக்கி வில்லியம்ஸை. 1998-ன் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர். பந்தோடு ஓடினால் பீரங்கிக் குண்டு. ஈகிள்ஸோ அதற்கு முந்தைய சீசனில் 3 வெற்றி, 13 தோல்வி. கண்ணெதிரே பாயசம் இருக்கும்போது ரசத்தை எதற்கு ஊற்றுகிறீர்கள் என்பதுதான் அவர்கள் கேள்வி.

வில்லியம்ஸ் மேல் ஆசைப்பட்டவர்கள் அவர்கள் மட்டும் இல்லை. நியூ ஆர்லியன்ஸ் டீமின் கோச் மைக் டிட்கா, தன் டீமுக்கு அந்த வருஷம் மிச்சமிருந்த இலைகள் அத்தனையும், அடுத்த வருஷத்து முதல் சுற்று, மூன்றாம் சுற்று இலைகளும் சேர்த்துக் கொடுத்து ஐந்தாவது இடத்தில் அவரை வாங்கினார். ஒரே ஒரு கல்யாணத்துக்காகப் பரம்பரை நிலத்தை விற்ற கதை. நிஜமாகவே ஒரு பத்திரிகை அட்டையில் டிட்கா மாப்பிள்ளையாகவும், வில்லியம்ஸ் வெள்ளை கவுன் போட்ட மணப்பெண்ணாகவும் போஸ் கொடுத்தார்கள்! அந்த சீசனில் 3 வெற்றி, 13 தோல்வி. டிட்காவுக்கு வேலை போயிற்று.

வில்லியம்ஸ் மோசமான ஆட்டக்காரர் இல்லை. 2002-ல் மயாமி டீமுக்காக லீக்கிலேயே அதிக கெஜம் ஓடினார். மொத்த வாழ்க்கையில் பத்தாயிரம் கெஜத்தைத் தாண்டினார். ஆனால் மெக்நாப்? ஈகிள்ஸில் 11 சீசன். அரை இறுதி போன்ற மாநாட்டு இறுதி ஆட்டத்துக்கு ஐந்து தடவை டீமைக் கொண்டுபோனார். 2005 பிப்ரவரியில் சூப்பர் பௌல் வரை போய் மூன்றே பாயின்ட்டில் தோற்றார். அந்த 1999-ல் முதல் மூன்று இடத்திலும் குவார்ட்டர்பேக்குகள்தான். முதல் ஆள் டிம் கௌச், மூன்றாவது ஆள் அகிலி ஸ்மித், இருவரும் நிலைக்கவில்லை. நடுவில் இருந்த, கூச்சல் வாங்கிய ஆள்தான் தேறினார்.

ஒரே இலையில் பாகற்காயும் பாயசமும்

சரி, நிபுணர்கள் எப்போதும் சரி, ரசிகன் எப்போதும் தப்பு என்று முடித்துவிடலாமா? அங்கேதான் 2020 வந்து குறுக்கே நிற்கிறது.

கொரோனா வருஷம். அவரவர் வீட்டிலிருந்தே டிராஃப்ட். முதல் சுற்றில் ஈகிள்ஸுக்கு 21-வது இடம். பந்து பிடிக்க ஆள் தேவை. ஜஸ்டின் ஜெஃபர்சன் என்ற பையன் தயாராக இருக்கிறான், அவனை எடுங்கள் என்று ரசிகர்கள் பலர் தலையால் அடித்துக்கொண்டார்கள். ஈகிள்ஸ் எடுத்தது ஜேலன் ரேகர் என்பவரை. அடுத்த இலைக்காரர் மினசோட்டா டீம், ஜெஃபர்சனை அள்ளிக்கொண்டு போனது. ஜெஃபர்சன் முதல் வருஷமே 1,400 கெஜம். ரேகர் 396. அதோடு விட்டதா? 2022-ல் ரேகரை ஈகிள்ஸ் வேறு டீமுக்கு விற்றது. எந்த டீம்? அதே மினசோட்டா!

ரசிகனுக்கு ஒரு பாயின்ட். ஆனால் மறுநாள் இரண்டாவது சுற்று. 53-வது ஆளாக ஈகிள்ஸ் எடுத்தது ஜேலன் ஹர்ட்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை. ஊரே கொதித்தது. ஏற்கெனவே கார்சன் வென்ட்ஸ் என்ற குவார்ட்டர்பேக்குக்கு, 2019-ல்தான் 128 மில்லியன் டாலர் வரை போகும் புது ஒப்பந்தம் கொடுத்திருந்தார்கள். புது கார் வாங்கி பாலிதீன் உறையைக்கூடக் கிழிக்கவில்லை, அதற்குள் இன்னொரு கார் எதற்கு? அதுவும் கல்லூரி இறுதி ஆட்டத்தில் பாதியிலேயே வெளியே உட்கார வைக்கப்பட்ட பையன்!

வென்ட்ஸ் 2021-ல் வேறு டீமுக்குப் போய்விட்டார். வெளியே உட்கார வைக்கப்பட்ட பையன் ஈகிள்ஸை 2023-ல் சூப்பர் பௌலுக்குக் கொண்டுபோய் மூன்று பாயின்ட்டில் தோற்றார். 2025 பிப்ரவரியில் மறுபடியும் போய், கான்சஸ் சிட்டியை 40-22 என்று துவைத்து, ஆட்ட நாயகன் விருதையும் வாங்கினார். ஒரே வருஷத்து டிராஃப்ட். முதல் சுற்றில் ரசிகன் சரி, இரண்டாம் சுற்றில் ரசிகன் தப்பு.

இதே மாதிரி 2011. முதல் சுற்றில் டேனி வாட்கின்ஸ் என்ற இருபத்தாறு வயசு கனடாக்காரர், தீயணைப்பு வீரராக இருந்தவர். சில வருஷத்தில் ஆட்டத்தை விட்டுத் தீயணைக்கவே திரும்பிப் போனார். அதே வருஷம் ஆறாவது சுற்றில், 191-வது ஆளாக, பந்தி முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரத்தில் எடுத்த ஜேசன் கெல்சி 13 சீசன் ஆடி, அந்த ஊரின் செல்லப்பிள்ளை ஆனார். 2018-ல் 233-வது ஆளாக எடுத்த ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாக்காரர், ஆறடி எட்டு அங்குலம். அதுவரை ஒரு அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம்கூட ஆடாதவர். ரக்பிதான் தெரியும். இரண்டு சீசன் களத்திலேயே இறங்கவில்லை. 2025-ல் சாம்பியன் டீமில் ஹர்ட்ஸுக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றார்.

காசைச் சுண்டு

கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்று இரண்டு பேராசிரியர்கள் இந்தத் தேர்வுகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். தேலர் 2017-ல் நோபல் பரிசு வாங்கியவர். ஒரே பொசிஷனில் அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் எடுக்கப்பட்டவர், பின்னால் வந்தவரைவிட நன்றாக ஆடியது நூற்றுக்கு எத்தனை தடவை? எண்பது? எழுபது? வெறும் 52! கோடிக்கணக்கில் சம்பளம், ஊர் ஊராக வேவு பார்க்க ஆள், வீடியோ, ஸ்டாப்வாட்ச், சாண் அளவு, எல்லாம் சேர்த்து, காசைச் சுண்டிப் பார்ப்பதைவிட இரண்டே மார்க் அதிகம். அப்படியிருக்க, ரசிகனை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

ரசிகனுக்கு இதில் ஒரு பைசா பங்கு கிடையாது. லாபம் வந்தால் டிவிடெண்ட் வராது. இருந்தாலும் மழையில் நனைந்து, காசு கொடுத்து, தோற்கிற டீமையே வருஷம் முழுக்கப் பார்த்தவனுக்கு, ஏப்ரல் ஒன்றுதான் நம்பிக்கை வைக்கும் மாசம். அந்த நம்பிக்கையைத் தப்பான இடத்தில் போடுகிறார்களோ என்று பயந்தால் கத்துகிறான். 1999-ல் அவர்கள் கத்தியது நிர்வாகத்தைப் பார்த்து. காதில் விழுந்தது இருபத்திரண்டு வயசுப் பையனுக்கு. அதுதான் கஷ்டம். மேனேஜருக்குப் போட்ட மார்க்கை, மேடையில் நின்றவர் வாங்கிக்கொண்டு போனார்.

2013 செப்டம்பர் 19 அன்று மெக்நாப்பின் 5-ம் நம்பர் பனியனை இனி யாருக்கும் தருவதில்லை என்று ஈகிள்ஸ் கௌரவித்தது. ஸ்டேடியம் எழுந்து கைதட்டியது. பதினான்கு வருஷம் கழித்துப் பூமாலை.

ஆனால் எனக்குப் பிடித்த காட்சி வேறு. 2018 பிப்ரவரி, ஈகிள்ஸ் முதல் சூப்பர் பௌல் ஜெயித்த சமயம். வெற்றி ஊர்வலத்தின் முடிவில், ஃபிலடெல்ஃபியா மியூசியம் படிக்கட்டில் தெருக்கூத்துக்காரர் மாதிரி பளபளா வேஷத்தில் மைக்கைப் பிடித்தார் அந்த 191-வது ஆள் கெல்சி. டீமில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, ஒரு காலத்தில் அவரை என்ன சொல்லி ஒதுக்கினார்கள் என்று தொண்டை கிழிய வாசித்தார். இவனுக்கு வயசாகிவிட்டது, இவனுக்குப் பந்து நிற்காது, இவன் குள்ளம், இந்தக் கோச்சுக்குத் தகுதி இல்லை... மார்க் லிஸ்ட்டை மாணவனே திருப்பி வாசிக்கிறான்! கீழே லட்சக்கணக்கில் நின்று ஆரவாரம் செய்தது யார்? அந்த மார்க்கையெல்லாம் போட்ட அதே ஜனங்கள்தான்.

டிராஃப்ட் முடிந்தால் மூன்று வருஷம் பொறுத்துத்தான் மார்க் போட வேண்டும் என்று அங்கே விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அதை ஒருவரும் கேட்பதில்லை. மறுநாள் காலை காபிக்கு முன்னால் கிரேடு வந்துவிடுகிறது.

உங்கள் ஆபீஸில் அடுத்த வாரம் புதுப் பையன் ஒருவன் சேரலாம். சட்டையை இன் பண்ணாமல், ஃபைலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வரலாம். லன்ச்சுக்குள் அவனுக்குக் கிரேடு போட்டுவிடாதீர்கள். 233-வது ஆளாகக்கூட இருக்கலாம். நாளைக்கு உங்களுக்கே அப்ரைசல் எழுதுவான்!